வண்டி எங்கே நிற்கும்? - காது, சாதி, தொலைமருத்துவம்

(மயிலாப்பூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். கவிதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்றைக்குக் காதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்ட்டரில் உட்காருகிற குமாஸ்தா. காதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கேயும் என் வீட்டிலேயும் படித்ததுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆயா. காலமெல்லாம் வீட்டு வேலை செய்து ஓய்ந்த உடம்பு. முதியோர் பணம் வந்துதா என்று கேட்கிறார். 'இன்னும் வரலை ஆயா' என்று கத்துகிறேன். அவருக்குக் கேட்கவில்லை. வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிறது. சீட்டில் எழுதிக் காட்டுகிறேன். 'எழுத்து தெரியாது சாமி' என்கிறார். கேட்கிற கதவும் படிக்கிற கதவும் ஒரே ஆளுக்கு மூடியிருக்கிறது. இது தற்செயலா?

கௌதம தர்ம சூத்திரம் என்று ஒரு நூல் இருக்கிறது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்று என்கிறது. பலரும் இதை மனு சொன்னதாகச் சொல்வார்கள். சொன்னது கௌதமர். சரியாகச் சொல்வோம், எதிராளிக்கு ஏன் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்? காது என்பது வெறும் உறுப்பு அல்ல, அறிவு உள்ளே போகிற வழி என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்கு யாரும் ஈயம் ஊற்றுவதில்லை. சீழ் வடிந்தால் சும்மா விட்டுவிட்டாலே போதும்.

எங்கள் நைனா செங்கல்பட்டுப் பக்கம் சாவுக்குப் பறையடித்தவர். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி, தோலை முறுக்கேற்றி, விடிய விடிய அடிப்பார்கள். நாற்பது வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஊர்க்காரர் கூப்பிட்டது கேட்காமல் திரும்பாமல் போனதற்கு, 'திமிரு புடிச்சவன்' என்று அடி வாங்கியிருக்கிறார். பெருஞ்சத்தம் உள்காதின் நுண்ணிய மயிரணுக்களைக் கொல்லும், செத்தவை திரும்ப முளைக்காது என்று நான் பின்னால்தான் படித்தேன். சாதி கொடுத்த வேலை காதைத் தின்றது. செவிடானதற்கு அதே சாதி அடியும் கொடுத்தது. பறையை இன்று விடுதலையின் கருவியாக மேடையேற்றுகிறோம், மகிழ்ச்சி. அடிக்கிற தோழர்கள் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். இதையும் அரசியலாகத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து காதில் சீழ். எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், தாய்ப்பால் பீய்ச்சினார்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது எதையும் ஊற்றக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போனோம். ஒரு நாள் கூலி, பஸ் காசு, அப்புறம் 'அடுத்த வாரம் வா'. அடுத்த வாரம் போகவில்லை. வாத்தியார் அவளை மக்கு என்றார். அஞ்சாவதோடு நின்றாள். அவள் மக்கு இல்லை தோழர்களே, அவளுக்குப் பாடம் கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் செவித்திறன் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவுக்குக் கேள்விக் குறைபாடு உள்ளவர்கள் உலகத்தில் 43 கோடிப் பேர். பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். குழந்தைகளின் குறைபாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது. அக்கா அந்த அறுபதில் ஒருத்தி.

பிறவியிலேயே கேளாமை வேறு வகை. நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது மரபுவழிக் கேளாமைக்கு வாய்ப்பு கூடுகிறது. அகமணம்தான் சாதியின் உயிர் என்று பாபாசாகேப் 1916இலேயே எழுதினார். மாமன் மகளைக் கட்டுகிற வழக்கம் நம்மிடமும் இருக்கிறது, ஒளிக்க வேண்டாம். சாதிமறுப்புத் திருமணத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கூட்டங்களில் சொல்லுங்கள்.

பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ. இதுதான் உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. மொழி உள்ளே இறங்குகிற வயசு அது. நம் கிராமங்களில் மூன்று வயசாகியும் பேசவில்லை என்ற பிறகுதான் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இங்கேதான் தொலைமருத்துவம் வருகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் செவியியல் துறையில் வித்யா ராம்குமாரும் சக ஆய்வாளர்களும் செய்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சத்தம் கொடுத்தால் நலமான உள்காது திரும்ப மெல்லிய ஒலி எழுப்பும், அதைக் கருவி பதியும். அதில் தேறாத குழந்தைக்கு அடுத்த சோதனை. தூங்குகிற குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, சத்தம் மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. இதற்குச் செவியியலாளர் வேண்டும், அவர் பட்டணத்தில் இருப்பார். அதனால் சோதனைக் கருவியை ஒரு வேனில் ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்தே அவர் அந்தக் கணினியை இயக்கினார். நேரில் செய்த சோதனைக்கும் தொலைவிலிருந்து செய்ததற்கும் முடிவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2013இல் வெளியிட்டார்கள்.

இது நல்ல வேலை. மனசாரச் சொல்கிறேன். ஆனால் இயக்கக்காரன் இரண்டு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

முதல் கேள்வி: வண்டி எங்கே நிற்கும்? இந்த ஒரு திட்டத்தைச் சொல்லவில்லை, அரசோ தனியாரோ அனுப்புகிற எல்லா வண்டிகளையும் சொல்கிறேன். ஊர்க் கோயில் முன்னால் நின்றால், சேரிப் பெண் கைக்குழந்தையோடு அங்கே போய் எத்தனை நேரம் நிற்பாள்? சென்னையிலிருந்து வேன் வரைக்கும் இருக்கிற தூரத்தைச் செயற்கைக்கோள் தாண்டிவிடும். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எந்தக் கோளும் தாண்டாது.

இரண்டாவது கேள்வி: யாருடைய கை? நாடி பிடிக்காமல் எட்ட நின்று மாத்திரை போட்ட வைத்தியத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். தொலைமருத்துவம் தீண்டாமைக்கு வசதியான புது ஏற்பாடாகிவிடக் கூடாது. காதுச் சோதனையில் அப்படித் தப்பிக்கவும் முடியாது. நெற்றியைத் துடைத்து, காதுமடலை மடக்கி, குழந்தையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். டாக்டர் தொலைவில் இருக்கலாம், ஒரு கை பக்கத்தில் இருந்தே தீரவேண்டும். அந்தக் கை நம் பெண்ணின் கையாக இருக்கட்டும். அலாஸ்காவில் பழங்குடிக் கிராமத்துக்காரர்களே பயிற்சி பெற்று, காதுக்குள் படமெடுத்துத் தொலைதூர மருத்துவருக்கு அனுப்புகிறார்கள். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது? ஆனால் 'சேவை', 'ஊக்கத்தொகை' என்று ஏமாற்றாமல் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. இதோ பக்கத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் மெட்ராஸ் காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உள்காதுக் கருவி பொருத்தும் அறுவைக்கு இந்தியாவில் முன்னோடியான இடங்களில் ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு அந்த அறுவை உண்டு. ஆனால் அறுவை ஒருநாள் வேலை. அதற்கப்புறம் கருவியின் மின்னளவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. இந்தச் சரிசெய்தலையும் பயிற்சியையும் தொலைவிலிருந்து செய்ய முடியும். பேட்டரிக்கும் அறுந்த ஒயருக்கும் யார் காசு கொடுப்பது? இலவசமாக வந்த கருவி பரணில் கிடக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கருவி வேண்டாம், சைகைமொழி போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அது முழுமையான மொழி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது, அரசு வேலையில் கேளாதோருக்கு ஒரு விழுக்காடு இடமும் தருகிறது. நம் கூட்டங்களில் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளராவது இருக்கிறாரா? இன்றைக்கு இந்த அறையில் இல்லை. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த குழந்தைக்குக் காதுச் சோதனை நடக்கிறதா, வண்டி வந்தால் எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத நான் உட்காருகிறேன், குமாஸ்தாவுக்கு அது கைவந்த வேலை.

நைனா செத்தபோது பறை அடித்தார்கள். அக்கா மட்டும் கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கேட்டேன். 'சத்தம் கையில வருது' என்றாள். கவிதை எழுதுகிறவன் நான். அந்த வரி அவளுடையது. அவளுக்குப் பள்ளிக்கூடமும் கேட்டிருக்க வேண்டும்.