அகலம் வேண்டுமா, தாளை வளையுங்கள்



ஊசித்துளைப் படக்கலை பற்றிய இக்கருத்தரங்குக்கு வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை, அகலமான காட்சி வேண்டுமென்றால் துளையைப் பிலிமுக்கு நெருக்கினால் போதும் என்கின்றன. கணக்கு சரிதான். 2006இல் கலிபோர்னியாவின் எல் டோரோவில் விமானக் கொட்டகை ஒன்றையே கேமராவாக்கிப் பிடித்த ‘தி கிரேட் பிக்சர்’ படத்தில், துளையிலிருந்து, படம் பதிந்த துணி சுமார் 17 மீட்டர் தள்ளி இருந்தது. துணியின் அகலம் 34 மீட்டர். ஆகவே பார்வைக் கோணம் 90 பாகை. துளையோ வெறும் 6 மில்லிமீட்டர்! துளையின் அளவுக்கென ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் சூத்திரத்தில் போட்டாலும் ஏறத்தாழ அதே விடைதான் வரும்.

ஆனால் தட்டையான பரப்பில் ஓரம் இருண்டுவிடும். நடுவில் விழும் ஒளியில், நடுக்கோட்டிலிருந்து 45 பாகையில் கால் பங்குதான் கிடைக்கும். 60 பாகையில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது நான்கு ஸ்டாப் குறைவு. நெருக்க நெருக்க இந்த இழப்பு கூடுமே தவிரக் குறையாது.

என் கட்சி வேறு. படத்தாளை வளைக்க வேண்டும். துளையை மையமாக வைத்து அரைவட்டமாக வளைத்தால் தூரம் எங்கும் ஒன்றாகிவிடும். 60 பாகையிலும் பாதி ஒளி மிஞ்சும். குளிர்பான டின்னின் சுவரில் துளையிட்டு, உட்சுவரை ஒட்டித் தாளை வைத்தால் அதைவிட மேல். ஓரத்தில் ஒளி சாய்ந்து விழுவதால் வரும் நட்டத்தை, அங்கே தூரம் குறைவதால் வரும் லாபம் ஈடுசெய்துவிடுகிறது. துளையின் மட்டத்தில் தாள் முழுவதும் ஒரே அளவு ஒளி. எந்தக் கண்ணாடி வில்லையும் இதை இவ்வளவு மலிவாகச் செய்யாது. மேலும் கீழும் மட்டும் இழப்பு அப்படியே இருக்கும், நேர்கோடுகளும் வளையும். அதைக் குறையென்று நான் சொல்ல மாட்டேன். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்பர்க் 2012இல் வைத்த பீர் டின், 2020 வரை எட்டு ஆண்டுகளாகச் சூரியனின் பாதைகளைப் பதிந்தது இந்த வடிவத்தில்தான்.

பலர் மறப்பது துளையிட்ட தகட்டின் தடிமன். துளையின் விட்டமும் தடிமனும் சமமானால், 45 பாகைக்கு அப்பால் ஒளி உள்ளேயே வராது. தாளை எப்படி வளைத்தும் பயனில்லை. உப்புத்தாளால் தேய்த்துத் தகட்டை மெலிதாக்குவது சலிப்பான வேலைதான், ஆனாலும் அகலம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1906இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், துளைக்கும் படத்தகட்டுக்கும் இடையே தண்ணீரை நிரப்பினார். ஒளிவிலகலால் 180 பாகைக் காட்சி சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். மீன் மேலே பார்ப்பதும் இப்படித்தான். இதைத் தொட்டு ஒரு கட்டுரைகூட வரவில்லை. இளைஞர்கள் ஏன் தண்ணீருக்கு அஞ்சுகிறார்கள்?

நெருக்கமே போதும் என்று வாதிடுபவர்கள், ஓரத்து ஒளியை என்ன செய்தீர்கள் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.