ஓட்டுக்கு வராத சம்பளம்
(தேசூரில் நிகழ்த்திய ரெட்டமலை சீனிவாசன் நினைவு உரை)



1924 செப்டம்பரில் நடந்த இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க இந்த நினைவு நாளைப் பயன்படுத்திக்கொள்வோம்.

முதலாவது, அதிகாரிகளின் சம்பளம். ஐ.சி.எஸ்., இந்தியன் போலீஸ் முதலான உயர் பணிகளின் குறைகளை ஆராய லீ பிரபு தலைமையில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டிருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குக் கூடுதல் படி, மனைவியோடு சீமைக்குப் போய்வரப் பணிக்காலத்தில் நான்கு முறை கப்பல் கட்டணம் என்று அது பரிந்துரைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் செலவு. மத்திய சட்டசபையில் மோதிலால் நேரு எதிர்த்துக் கொண்டுவந்த திருத்தம் வென்றது. ஆனாலும் பரிந்துரைகளில் பெரும்பகுதியை அரசு நிறைவேற்றிவிட்டது.

சென்னை மாகாணத்திலும் அதே கதைதான். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியா மந்திரி நியமித்த அதிகாரிகளின் சம்பளம் சட்டமன்றத்தின் ஓட்டுக்கே வராது. மாகாணப் போலீசின் தலைவரான இன்ஸ்பெக்டர் ஜெனரல் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட உறுப்பினர்கள் குறைக்க முடியாது. அடிமட்டக் கான்ஸ்டபிளின் நிலை என்ன? அவருடைய மாதச் சம்பளம் 8 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று சொல்லவே 1902–03இல் ஒரு போலீஸ் கமிஷன் தேவைப்பட்டது.

இரண்டாவது, நம் விஷயம். ரெட்டமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோரின் முயற்சியால், பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாம் எல்லா மக்களுக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றம் தீர்மானித்தது. செப்டம்பர் 25 அன்று அரசாணையும் வந்தது.

சட்டசபை வேண்டாம் என்ற சம்பள உயர்வு அதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டமன்றம் வேண்டும் என்ற கிணற்றுத் தண்ணீர் சேரிக்கு வந்து சேரப் பல தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது. பம்பாயிலும் 1923இல் போலே தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகும், 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்காக நம் மக்கள் அடிபட்டார்கள். சம்பள உத்தரவுக்குப் பின்னால் கஜானா நின்றது. கிணற்று உத்தரவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய போலீசோ, சட்டமன்றத்துக்குக் கட்டுப்படாத துறையாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. காவல்துறை உயரதிகாரியின் சம்பளமும் மானியக் கோரிக்கையாக ஆண்டுதோறும் ஓட்டுக்கு வருகிறது. கோரிய தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி, அதை முன்வைத்துத் துறையின் குறையைப் பேச வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவும் இருக்கிறது. புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது அது.

ஆகவே வந்தவாசி போன்ற தனித்தொகுதிகளின் உறுப்பினர்களிடம் நாம் போக வேண்டும். காவல்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில், 4ஆவது பிரிவின் கீழ் மாவட்டவாரியாக எத்தனை அதிகாரிகள் மீது வழக்கு என்று அவர்கள் கேட்க வேண்டும். அதே கேள்வியை மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இந்த மாதமே அனுப்பலாம். அன்று சீனிவாசனுக்கு இல்லாத ஓட்டு இன்று நம் பிரதிநிதிகளிடம் இருக்கிறது. கை தூக்குவதற்கு முன் கேள்வி கேட்கச் சொல்வோம்.