200 ரூபாயைக் கேள்வி கேட்பது யார்?



பாபாசாகேப் அம்பேத்கரின் நினைவாக நிகழும் இந்த உரையில் ஒரு சிறு தொகையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் காலனிகளில் 'ஓஏபி பணம்' என்று சொல்கிறார்களே, அந்த முதியோர் உதவித்தொகை. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட வராது.

இது ஏன் தலித் மக்களின் பிரச்சினை? வயல் கூலிக்கும் செங்கல் சூளைக்கும் துப்புரவுக்கும் போன நம் தாய் தந்தையரில் பெரும்பாலோருக்குப் பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது, குத்தகைக்கு விட நிலமும் கிடையாது. உடம்பு தளர்ந்த நாளில் கூலி நின்றுவிடும். அதன் பிறகு அவர்கள் பெயரில் வரும் ஒரே பணம் இதுதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது இந்தத் தொகை 75 ரூபாய். 2007இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்ற பெயரில் விரிவாக்கப்பட்டபோது 200 ரூபாய். 2011இல் தகுதி வயதை 65இலிருந்து 60ஆகக் குறைத்தார்கள்; 80 வயதானவர்களுக்கு 500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு அதே 200 நீடிக்கிறது. தமிழ்நாட்டில் 2023 முதல் 1,200 ரூபாய் கிடைக்கிறதென்றால், அதில் 1,000 ரூபாய் மாநில அரசு போடுவது. மாநிலம் கைகொடுக்காத இடத்தில் முதியவர் நிலை என்னவென்று நினைத்துப் பாருங்கள். ஒன்றிய அரசு எத்தனை பேருக்குப் பணம் தரும் என்ற உச்சவரம்பும் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டதுதான்.

இதையெல்லாம் நாடாளுமன்றம் கேட்கவில்லையா? கேட்டிருக்கிறது. நாம் இன்று கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வி என்ன ஆனது என்பதைத்தான்.

பட்ஜெட் தாக்கலான பிறகு ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் அதற்குரிய நிலைக்குழுவுக்குப் போகிறது. 1993 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தத் திட்டத்தை ஆராய்வது ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் நிலைக்குழு. சிவசேனாவின் பிரதாப்ராவ் ஜாதவ் தலைவராக இருந்தபோது இந்தத் தொகை மிகக் குறைவு, உயர்த்துங்கள் என்று குழு சொன்னது. தி.மு.க.வின் கனிமொழி தலைவரானபோதும் அதையே சொன்னது. காங்கிரசின் சப்தகிரி உலாகா தலைமையிலும் அதையே சொன்னது. கட்சி மூன்று, பரிந்துரை ஒன்று. குழுவில் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பரிந்துரைக்கு மூன்று மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும். அந்தப் பதிலைப் பரிசீலித்துக் குழு 'நடவடிக்கை அறிக்கை' ஒன்றை வெளியிடும். எதை அரசு ஏற்றது, எந்தப் பதிலைக் குழு ஏற்கவில்லை என்று தனித்தனி அத்தியாயமாகவே அதில் இருக்கும். ஆனால் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. திட்டத்தை 2025-26 வரை இருக்கிற விகிதத்திலேயே தொடரும்படி முடிவாகிவிட்டது என்பது அரசின் பதிலானது. 2024-25க்கும் 2025-26க்கும் ஒதுக்கீடு அதே 9,652 கோடி ரூபாய். ஒரு ரூபாய் கூடவில்லை.

குழு ஆராய்ந்ததை அவை விவாதிக்க வேண்டும் அல்லவா? பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறுகின்றன. 'கில்லட்டின்' என்பது அதற்குப் பெயர். 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் எல்லாக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் அமளிக்கு நடுவே விவாதமின்றி நிறைவேறின. அதே நிதி மசோதாவுக்குள் வேறொன்றும் இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்பத் தானாக உயரும் என்ற ஏற்பாடு அது. அதன்படி 2025இல் மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய் ஆனது; முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000 ஆனது.

உறுப்பினர்களுக்குச் சம்பளம் கூடாது என்பது நம் வாதமல்ல. சம்பளம் இல்லையென்றால் பணக்காரர்கள் மட்டுமே அவைக்குப் போவார்கள். நாம் கேட்பது வேறு. 2007இல் அவர்கள் சம்பளம் 16,000 ரூபாய். இன்று ஏறக்குறைய எட்டு மடங்கு. அதே கணக்கில் 200 ரூபாய் 1,550 ஆகியிருக்க வேண்டும். விலைவாசி ஏறினால் வருமானமும் ஏற வேண்டும் என்பது நாடாளுமன்றத்துக்குத் தெரியாத கணக்கு அல்ல. அதைச் சட்டமாக எழுதத் தெரியும். எழுதியும் இருக்கிறது. கூலிக்காரக் கிழவிக்கு மட்டும் எழுதவில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசிய பாபாசாகேப், நாடாளுமன்ற முறையை ஏன் தேர்ந்தோம் என்பதை விளக்கினார். அந்த முறையில் ஆட்சியாளரை அன்றாடம் அவை கணக்குக் கேட்கும், தேர்தலில் மக்கள் கணக்குக் கேட்பார்கள் என்றார். அவர் தலைமையில் வரைந்த அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. நீதிமன்றம் போய் அதை அமல்படுத்த முடியாது என்கிறது 37ஆம் பிரிவு. அப்படியானால் அதை அமல்படுத்தும் இடம் நாடாளுமன்றமும் தேர்தலும்தான். மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள் இருக்கின்றன. அந்த 84 பேரும் ஒரே நாளில் இந்த 200 ரூபாயைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் எந்த அமைச்சரும் எளிதில் கடந்துபோக முடியாது.

அவர்களைக் கேட்க வைப்பது நம் வேலை. நிலைக்குழு அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் படிக்க முடியும். நம் பாட்டிமார் படிக்க முடியாது. இலக்கிய அமைப்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான்: மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கை அறிக்கை வந்ததும் மாணவர்கள் அதை நாலு பக்கத் தமிழாக்குங்கள். பரிந்துரை, அரசின் பதில், அதற்குக் குழு சொன்னது, இந்த மூன்றும் போதும். காலனித் திண்ணையில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் ஊருக்கு வரும்போது அதைக் கையில் கொடுத்து, தொகையை விலைவாசியோடு இணைக்கும் சட்டம் கேளுங்கள். பட்டியல் சாதி முதியோரில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்று அவையில் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அவர். அதைப் பயன்படுத்துவோம்.

ஜெய்பீம்.