சிறுவாட்டுக் கோழி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஆதலின் கல்வியைப்பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். யான் இன்று கோழியைப்பற்றிப் பேச எழுந்துள்ளேன். சிரிப்பவர் சிரிக்கலாம். யான் புலவர் வகுப்பிற் சேர்ந்தபோது முதலாண்டுச் சம்பளத்தைக் கட்டியவை என் தாயார் வளர்த்த இரண்டு கன்னியாட்டுக் கிடாய்களும் ஒரு பஞ்சாரம் நிறைந்த கோழிகளுமே. ஆகவே இதுவும் கல்வியைப்பற்றிய பேச்சுத்தான்.

முற்றத்தில் உலர்த்திய தானியத்தைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிந்தனர் என்று பட்டினப்பாலை கூறும். செல்வம் மிகுந்த காவிரிப்பூம்பட்டினத்தின் கதை அது. அங்கே குழையால் கோழியை ஓட்டினர். நம் வீடுகளிலோ கோழியால் குழை வந்தது.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே நம்மவர் பலருக்குள்ள நிலம் அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமே. நெல் வரவை ஆடவர் கணக்கில் எழுதுவர். கோழி வரவை எவரும் எழுதார். அது மனையாளின் முந்தானை முடிச்சிற் கிடக்கும். அதனைச் சிறுவாடு என்கிறோம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அம்முடிச்சே அவிழ்கின்றது. இவ்வரவுக்கு முதலும் பெரிதன்று. ஒரு பேடை 12 முட்டையின்மேல் 21 நாள் அடை கிடக்கும். நாம் இடுவது சிந்திய நொய்யும் தவிடும். எஞ்சியதைக் குப்பையிற் கிளறி அதுவே தேடிக்கொள்ளும். உழைப்பு மட்டும் மிகுதி. ஆனி ஆடிச் சாரலில் கூட்டின் தரை ஈரம் ஊறினால் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் காணும். வெளியூரார் அருவியாட மகிழ்ந்து வரும் அக்காலத்தில் நம் பெண்டிர் காய்ந்த உமிக்கு அலைவர்.

நிற்க. கோழிகளைக் கூட்டத்தோடு கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல். 1927-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஆராயப்பட்ட இந்நோய், அக்காலத்திலேயே இமயத்தை அடுத்த இராணிகேத்திலும் காணப்பட்டமையின் இராணிகேத் நோய் என்றும் வழங்கும். கோழி இறகு தொங்கி ஒடுங்கி நிற்கும். வெண்மையும் பசுமையுமாகக் கழியும். சிலவற்றின் கழுத்துத் திருகும். வந்தபின் மருந்தில்லை. சந்தையில் வாங்கிய கோழியோடும், நம் காலில் ஒட்டிய எச்சத்தோடும் அது வீடு புகும்.

இதனை யான் நூலில் மட்டும் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "கோழிக்கு ஊசி போடுகிறார்களாம், ஐயா, கூடையிலே கொண்டுபோய் வா" என்று தாயார் மும்முறை சொன்னார். வெள்ளை வேட்டி கட்டிய ஆசிரியன் கோழிக்கூடையுடன் பேருந்தில் ஏறுவதா என்று நாணி நாள் கடத்தினேன். அக்கோடையில் ஒரே வாரத்திற் பதினொரு கோழிகள் மடிந்தன. அடகிலிருந்த தங்கையின் கம்மலை அவற்றை விற்று மீட்க எண்ணியிருந்தார் என்பதை அப்புறமே அறிந்தேன். "உனக்கு வேலை இருந்திருக்கும், ஐயா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

விதி என்று சொல்வோர் ஒன்றை நினைக்கவேண்டும். மாட்டுமந்தைகளை அழித்துவந்த வெக்கைநோய் 1995-க்குப்பின் இந்தியாவில் தோன்றவில்லை. 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதனை ஒழித்தது தடுப்பூசி. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசியுண்டு. வெள்ளைக்கழிச்சலுக்கு, குஞ்சு பிறந்த முதல் வாரத்திற் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் இறகடியில் ஊசியும் இடுவர். நலமாயுள்ள கோழிக்கே இடவேண்டும். ஒரு வாரம் முன்னதாகக் குடற்பூச்சி மருந்து கொடுத்தல் நன்று. ஆண்டுதோறும் பெப்ருவரியில், கோடைக்கு முன்பாக, அரசினர் இதற்கென முகாம் நடத்துகின்றனர்.

இதில் ஓர் இடர்ப்பாடுண்டு. ஊசிமருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு அளவானது. குளிரிற் காக்கவேண்டும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்க்கவேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவள் தனியே யாது செய்வாள்? ஒரு தெருவே கூடினால்தான் குப்பி பயன்படும். திருமணத்திற்குப் பந்தலிட ஒரே நாளிற் கூடும் நமக்கு இது அரிதன்று.

ஆதலின் தெருவுக்கு ஓர் இளைஞர் வீடுதோறும் கோழிகளை எண்ணி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் தொகை கொடுக்கவேண்டுகிறேன். என் தெருவை யானே எண்ணுவேன். கால்நடை மருத்துவரை அழைத்துவரும் நாளைச் செயலாளர் தெரிவிப்பார். தாய்மார்களே, அன்று விடியற்காலையிற் பஞ்சாரத்தைத் திறந்துவிடாதீர்கள்; வெளியே போன கோழியைப் பிடிக்க என்னால் ஓட இயலாது.