ஆளுக்கொரு திரை
(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



நம்ம லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர் உட்கார்ந்து மவுசுக்கு மல்லுக்கட்டினது ஞாபகம் இருக்கும். அதே கூத்தை வேலைக்குப் போன இடத்தில் நானே நடத்திவைத்த கதை இது.

ஆறு பொறியாளர்களுக்கு ஒரே லினக்ஸ் சர்வர். வீட்டிலிருந்து வேலை பார்க்க வி.என்.சி. போட்டுக் கொடுத்தவன் நான். அவசரத்தில் மெஷினின் சொந்தத் திரையையே, அதாவது 0-ஆம் எண் டிஸ்பிளேயையே, எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஒருவர் மவுசை நகர்த்தினால் ஆறு பேர் திரையிலும் நகரும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், யாரோ மூட மறந்த விண்டோ என்று நினைத்து ஒன்றை மூடிவிட்டாள். அது ஒரு சீனியருடைய ரெண்டு நாள் கணக்கீடு! திட்டு முழுக்க அவளுக்கு. தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இன்னும் உறுத்துகிறது.

சரிசெய்ய ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. முதலில் ஆளுக்கொரு லினக்ஸ் கணக்கு. டைகர்வி.என்.சி.யில் எந்த எண் திரை யாருக்கு என்று ஒரு கோப்பில் எழுதவேண்டும். 5900-உடன் அந்த எண்ணைக் கூட்டினால் போர்ட்: 5901, 5902 என்று போகும். அவரவர் கணக்கில் நுழைந்து அவரவரே பாஸ்வேர்டு வைக்கணும். வி.என்.சி.யின் பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. பதினைந்து எழுத்து போட்டேன் என்று பெருமைப்பட வேண்டாம். அதனால் போர்ட்டை வெளியே திறக்காமல், எஸ்.எஸ்.எச். சுரங்கம் வழியாக மட்டும் விட்டேன்.

திரை தனியே தவிர மெமரி பொதுதான். ஆறு க்னோம் ஓடினால் சர்வர் திணறும் என்று எக்ஸ்.எஃப்.சி.ஈ.க்கு மாற்றினேன். விண்டோஸ்காரர்களுக்கு எக்ஸ்.ஆர்.டி.பி. இன்னும் சுலபம். 3389 என்ற ஒரே போர்ட். நுழைகிற பெயரைப் பார்த்து அவரவர் திரையைக் கொடுத்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு 3-ஆம் எண் திரை. வெள்ளிக்கிழமை கணக்கீட்டை ஓடவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டு ஊருக்குப் போனாள். பார்க்கிற விண்டோவை மூடினாலும் சர்வரில் அவள் திரை அப்படியே இருக்கும் அல்லவா? திங்கட்கிழமை வந்து திறந்தபோது விடை வந்திருந்தது.

கோப்பு எழுதும் விவரம் வேண்டுவோர் சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடியுங்கள்.