வரி வாங்க மறுப்பவர்கள் சோறு போட முன்வருவது ஏன்?

(சிவகிரியில் படிப்பகம் அமைப்பது குறித்து நடந்த தெருக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தென் மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கே 'கொடை' என்றுதான் பெயர். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்துக் கொடை நடத்துகிறோம். ஆனால் பல ஊர்களில் பொதுக்கோயில் கொடைக்கு நம் தெருவில் மட்டும் வரி வாங்க மாட்டார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், நாங்களே பார்த்துக்கிறோம். அன்னதானத்துக்கு வந்து சாப்பிட்டுப் போங்க" என்பார்கள். கேட்பதற்குத் தாராள மனசு மாதிரித்தான் இருக்கும்.

வரி வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும். கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். தேர் நம் தெருவுக்கும் வர வேண்டும். வரி கொடுத்தவன் பங்காளி. சோறு வாங்கியவனுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. அதனால்தான் நம்மிடம் வரி வாங்க மறுப்பவர்கள் நமக்குச் சோறு போட முன்வருகிறார்கள். கொடை சமூகத்தை மாற்றுமா என்று தம்பிகள் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: வாங்குபவரைப் பங்காளி ஆக்குகிற கொடை மாற்றும். மற்றது, இருக்கிற வரிசையை அப்படியே வைத்திருக்கும்.

பழைய திருநெல்வேலி மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்விக்கு என்று சொல்லி நன்கொடை திரட்டப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லாச் சாதியாரும் கொடுத்த பணம். ஆனால் சாப்பாட்டில் பிராமண மாணவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். "பொதுப் பணத்தில் தனிப்பந்தி எப்படி?" என்பதுதான் சண்டை. 1925இல் அது தமிழ்நாட்டையே உலுக்கியது. பணம் கொடுத்தவர்களுக்குக் கேட்கும் உரிமை இருந்ததால்தான் அந்தக் கேள்வி எழுந்தது. அதே ஆண்டு வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்குக் காஞ்சிபுரம் மாநாட்டில் இடம் கிடைக்காமல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. பந்தியில் தொடங்கியது பதவியில் பங்கு கேட்பதுவரை போனது.

அண்ணல் அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். பரோடா மன்னர் சாயாஜிராவ் 1913இல் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அந்தக் கொடையைக் குறைத்துப் பேச மாட்டேன். அது இல்லாமல் கொலம்பியா இல்லை. ஆனால் 1917இல் படித்துவிட்டு அதே பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். மன்னரின் பணத்தால் நியூயார்க்கில் படிக்க முடிந்தது. மன்னரின் தலைநகரில் படுக்க முடியவில்லை.

இதிலிருந்து அண்ணல் என்ன செய்தார்? தனக்குக் கிடைத்த உதவியைப் புகழ்ந்துகொண்டு நிற்கவில்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசே உதவித்தொகை தர வேண்டும் என்று வாதாடினார். 1944இல் அந்தத் திட்டம் வந்தது. இன்று இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் தொடக்கம் அதுதான். ஒருவருக்கு ஒரு மன்னர் கொடுத்ததை எல்லோருக்கும் உரிய பங்காக மாற்றினார். மன்னரிடம் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அரசிடம் "ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்கலாம்.

இன்னொரு சான்று. 1932இல் காந்தியாரின் தீண்டாமை ஒழிப்புச் சங்கம் தொடங்கியது. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். அந்த நவம்பரில் லண்டன் போகும் கப்பலிலிருந்து அண்ணல் தக்கருக்குக் கடிதம் எழுதினார். நூலகம், பள்ளி, உடற்பயிற்சி நிலையம், மதுவிலக்கு என்று தனி மனிதரைத் திருத்தும் வேலையில் பணத்தையும் பலத்தையும் கரைக்காதீர்கள். கிணற்றிலும் பள்ளியிலும் பொது இடத்திலும் சம உரிமைக்கான இயக்கம் நடத்துங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் கிடைத்ததாகக்கூட ஒரு வரி பதில் வரவில்லை என்று 1945இல் வெளியான நூலில் பதிவு செய்கிறார். நாம் படிப்பகம் தொடங்கப் போகிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன். அண்ணலைவிடப் புத்தகத்தை நேசித்தவர் யார்? அவரே நூலகம் மட்டும் போதாது என்றார்.

கடல் தாண்டியும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சரியான பள்ளிகள் இல்லாத காலத்தில், ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து பள்ளிகள் கட்ட உதவினார். 1932க்குள் 15 மாநிலங்களில் சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தன. முழுப் பணத்தையும் அவர் கொடுக்கவில்லை. ஊர் மக்களும் பங்கு போட வேண்டும் என்பது ஏற்பாடு. பருத்திக் காட்டில் உழைத்தவர்கள் ரொக்கமாகவும் நிலமாகவும் மரமாகவும் உழைப்பாகவும் கொடுத்தார்கள். மொத்தத்தில் அவர்கள் தந்தது அவர் தந்ததைவிடக் குறைவில்லை. ஆனாலும் பள்ளிகளுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது.

அந்தப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே படித்தது. ஆனால் வெள்ளையர் பள்ளி தனி, கறுப்பர் பள்ளி தனி என்ற சட்டத்தைக் கட்டடம் உடைக்கவில்லை. தென் கரோலினாவில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து கேட்டுப் பெற்றோர்கள் தொடங்கிய போராட்டமும் வேறு ஊர்களின் வழக்குகளும் சேர்ந்துதான் 1954இல் தனிப்பள்ளி முறை செல்லாது என்ற தீர்ப்பைக் கொண்டுவந்தன. படிப்புக்குக் கொடை உதவியது. பிரிவினையை உடைக்கப் போராட்டம்தான் வேண்டியிருந்தது.

தோழர்களே, 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்தில் பாஞ்சாங்குளத்தில் என்ன நடந்தது? பள்ளிக் குழந்தைகள் கடைக்குப் போய் மிட்டாய் கேட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு, தர முடியாது என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் குழந்தைகள் இலவசமாகக் கேட்கவில்லை, காசுக்குக் கேட்டார்கள். அங்கே யாராவது நல்ல மனதோடு ஒரு பெட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்குமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையவும் தடை வந்தது. சட்டம் செய்த வேலையைத் தர்மம் செய்ய முடியாது.

இப்போது நம் படிப்பகத்துக்கு வருவோம். வெளிநாட்டில் வாழும் ஒரு செல்வந்தர் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நிபந்தனை. ஒன்று, வாசலில் அவர் குடும்பப் பெயர். இரண்டு, "அரசியல் வேண்டாம், அம்பேத்கர் படம் வேண்டாம்". இளைஞர்களில் ஒரு பகுதி, "படம் இல்லாவிட்டால் என்ன, புத்தகம் வருதே" என்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போட்டித் தேர்வுக்குத் தெருவிளக்கில் படிக்கும் பிள்ளைக்கு மேசையும் நாற்காலியும் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன புத்தகம் வாங்குவது என்று யார் முடிவு செய்வார்கள்? கணக்கு நோட்டு யார் கையில் இருக்கும்? நாளை ஒரு வன்கொடுமை நடந்தால் அதைப் பற்றிப் பேச அந்தக் கட்டடத்தில் கூட்டம் போட முடியுமா? மூன்றுக்கும் "நாம்தான், முடியும்" என்று பதில் வந்தால் அவர் பணத்தை நன்றியோடு வாங்கலாம். வாசலில் பெயர் வைப்பதில்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. படத்தை எடு என்கிற பணம் நாளைக்குப் பேச்சையும் நிறுத்து என்று சொல்லும்.

அவர் மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தலைக்கட்டு வரி போடுவோம். வாடகைக்கு ஓர் அறை, இரண்டு மேசை, முப்பது புத்தகத்தோடு தொடங்குவோம். கூடவே, 2024இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. நம் மக்கள்தொகைக்கு ஏற்ற நிதியை நமக்கே செலவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் ஊருக்கு எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். படிப்பகத்தில் நடக்கும் முதல் வகுப்பு, அந்த மனு எழுதுவது எப்படி என்பதாக இருக்கட்டும்.

வரி நோட்டை ஓர் அக்காவிடம் கொடுங்கள். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் பத்தாயிரம் கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அதில் இருக்க வேண்டும்.