வளையும் பாய்மரமும் பாயின் முன்விளிம்பும்

படகின் பாயைத் தொலைவிலிருந்து காண்பவர்க்கு அது முக்கோணமாகக் கத்தரித்த துணியாகவே தோன்றும். தரையில் விரித்துப் பார்த்தால் உண்மை வேறு. பாய்மரத்தை ஒட்டி நிற்கும் விளிம்பு நேர்கோடாக இராது. வில்லைப்போல் சற்றுப் புடைத்திருக்கும். ஆங்கிலேயர் அதனை ‘லஃப்’ என்பர். சொல்லுக்குச் சொல் தேடுவதே என் தொழிலாயினும், ‘முன்விளிம்பு’ என்பதே இங்குப் போதுமென்று விட்டுவிட்டேன்.

இப்புடைப்பு எதற்காக? ஃபின் என்னும் ஒற்றையாள் படகை எடுத்துக்கொள்வோம். சுவீடன் நாட்டு ரிக்கார்ட் சார்பி 1949இல் வரைந்த இப்படகு நாலரை மீட்டர் நீளமுள்ளது. 1952இல் ஹெல்சிங்கியில் தொடங்கி, 2021இல் டோக்கியோவில் நடந்த பந்தயம் வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இதன் பாய்மரத்தைத் தாங்கக் கயிறு ஒன்றேனும் இல்லை. அடி படகினுள் ஊன்றியிருக்க, மேற்பகுதி மூங்கிலைப்போல் வளையும். பாயை இழுக்கும் கயிற்றை இறுக்கினால் நுனி பின்னே சாயும். நடுப்பகுதி முன்னே துருத்தும்.

மென்காற்றில் மரம் ஏறக்குறைய நேராக நிற்கும். அப்போது முன்விளிம்பின் மிகைத் துணி உள்ளே தள்ளப்பட்டுப் பாய்க்கு வயிறு உண்டாகிறது. படகு நகர அவ்வயிறு வேண்டும். வன்காற்றிலோ மரம் வளைந்து அம்மிகையைத் தானே எடுத்துக்கொள்கிறது. பாய் தட்டையாகிறது, ஓட்டுபவர் படகைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறார்.

துணியின் வளைவு மரத்தின் வளைவுக்குப் போதாவிடில், மரத்தின் நடுவிலிருந்து பாயின் பின்மூலை நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் ஓடும், பாய் வலுவிழக்கும். மிகுந்துவிட்டாலோ பெருங்காற்றிலும் வயிறு வற்றாது. எடை குறைந்த ஆளாயின் குளிர்ந்த கடலில் விழவேண்டியதுதான்.

ஆதலின், பாய் தைப்பவர் முதலில் மரத்தை அளக்கிறார். அதனைக் கிடையாகத் தாங்கி, நுனியில் எடை தொங்கவிட்டு, உச்சியிலிருந்து பாயின் கீழ்மூலை வரும் இடம்வரை நூல் கட்டுவர். நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பல இடங்களில் குறிப்பர். அவ்வளவோடு வயிற்றுக்கு வேண்டியதைக் கூட்டினால் வெட்டுக்கோடு கிடைக்கும். வயிற்றின் ஒரு பகுதி துணிப்பட்டைகளை இணைக்கும் தையலிலேயே வந்துவிடுமாகையால், அதனைக் கழித்துக்கொள்ளவும் வேண்டும். ஓட்டுபவர் கனத்தவராயின் விறைப்பான மரமே அவருக்குப் பொருந்தும். ஒருவர் பாயை மற்றொருவர் மரத்தில் ஏற்றிப் பயனில்லை.

டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1952, 1956, 1960 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஃபின் படகிலேயே தங்கம் வென்றவர். அவர் 1954இல் பாய் தைக்கும் தொழிலையும் தொடங்கினார் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

அந்நாளைய பாய்மரங்கள் உண்மையிலேயே மரத்தாலானவை. வளைவு போதாவிடில் இழைப்புளியால் சீவுவர்; கை சற்று மிகுந்தால் மரமே வீண். மெருகு பெயர்ந்த இடத்தில் ஈரம் ஏறினாலும் மரம் இளகிவிடும். அளந்து தைத்த பாய் அடுத்த பருவத்தில் சுருக்கம் காட்டும். மறுபடியும் நூல் கட்டி அளப்பார்கள்.